ஐஸ் கட்டிக்குள்ளே எங்க ஊர்த் தண்ணி

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா தொப்பூர். பெங்களூர் - சேலம் பஸ்ஸில் தூங்காமல் வருகிறவர்களுக்குத் தெரியும். தர்மபுரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லாரியெல்லாம் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்குகிற அந்தக் கணவாய்தான் எங்க ஏரியா. எங்க ஊர் பேப்பரில் வந்தால் முக்கால்வாசி விபத்துச் செய்திக்காகத்தான் வரும். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு, வேறு விஷயம்.

அக்கா பொண்ணை ஜூஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் சாக்கைப் பிரித்து, மரத்தூளைத் தட்டிவிட்டு, ஐஸ் பாரை உடைத்தார். அவள் கேட்டாள்: "மாமா, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, நடுவுல மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" நல்ல கேள்வி என்று நினைத்து பதிலை யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "நீ ஏன் போட்டோல எப்பவும் வாயை மூடிக்கிட்டே சிரிக்கிற?"

ரெண்டாவது கேள்விக்குப் பதில் எனக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தெரியும். என் பல்லில் காப்பிக்கொட்டை நிறத்தில் கோடு கோடாகக் கறை. துலக்கினால் போகாது. எங்க கிளாஸில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நிலத்தடித் தண்ணியில் ஃப்ளோரைடு. பாறையில் இருக்கிற தாதுக்களில் இருந்து கரைந்து போர் தண்ணியில் ஏறுகிறது. பல் உருவாகிற வயசில் அதிகமாகக் குடித்தால் பல் கறைபடும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். எங்க ஆயா கடைசிப் பத்து வருஷம் முதுகை நிமிர்த்தவே இல்லை. வயசாயிடுச்சு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

முதல் கேள்விக்குப் பதில் தேடப் போனேன். தேடத் தேட ரெண்டு கேள்வியும் ஒரே இடத்தில் போய் முட்டும் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

*

ஐஸ் பாக்டரியில் தகர டின்னில் தண்ணியை ஊற்றி, உறையாத உப்புத் தண்ணித் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். குளிர் வெளியிலிருந்து வருவதால் ஓரம் முதலில் உறையும், நடு கடைசியில். உறைகிறபோது ஐஸ் ஒரு காரியம் செய்கிறது. தண்ணியில் கரைந்திருக்கிற காற்று, உப்பு எல்லாவற்றையும் "நீ எங்க ஆள் இல்லை" என்று வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்டதெல்லாம் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை.

இந்தச் சுத்தத்துக்கு ஒரு காலத்தில் நம்ம மெட்ராஸில் மவுசு இருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. மெட்ராஸில் அந்த ஐஸை வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினா எதிரில் இருக்கிற ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம். பாதி உலகம் தாண்டி வந்த அந்தக் கட்டியைக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதென்று காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தத் தெளிவுக்கும் காரணம் இதேதான், ஐஸ் அந்நியர்களை உள்ளே சேர்ப்பதில்லை.

ஏன் சேர்ப்பதில்லை? இந்தக் கேள்விக்குத்தான் வேதியியலே கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

*

ஒரு தண்ணி மூலக்கூறை நாலு கை உள்ள ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு கையில் ஆளுக்கொரு ஹைட்ரஜன் இருக்கிறது, ரெண்டு கை காலி. ஹைட்ரஜன் இருக்கிற கை பக்கத்து ஆளின் காலிக் கையைப் பிடிக்கும். இந்தப் பிடிதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஐஸில் ஒவ்வொருவரும் நாலு பக்கமும் நாலு பேரைப் பிடித்திருப்பார்கள்.

1932-ல் மாஸ்கோ விமான நிலையத்தில் பனிமூட்டம், விமானம் கிளம்பவில்லை. அங்கே மாட்டிக்கொண்ட பெர்னாலும் ஃபௌலரும் பொழுது போகத் தண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். (மார்கழியில் எங்க கணவாயில் பனிமூட்டத்தில் பஸ் நின்றால் நாங்கள் பக்கத்து சீட்டுக்காரரிடம் அரசியல்தான் பேசுவோம்.) 1933-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் ரெண்டு விதி வந்தது. ஒண்ணு, ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் பக்கத்தில் ரெண்டே ஹைட்ரஜன். ரெண்டு, எந்த ரெண்டு ஆக்சிஜனுக்கு நடுவிலும் ஒரே ஒரு ஹைட்ரஜன். ஐஸ் விதிகள் என்று இன்றைக்கும் பெயர்.

1935-ல் லைனஸ் பாலிங் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, ஏனென்றால் நாலு வரி கோடில் எழுதிவிடலாம். நாலு பக்கத்தில் ரெண்டு பக்கம் ஹைட்ரஜனை நீட்ட ஆறு வழி. நீட்டுகிற ஒவ்வொரு கைக்கும் எதிராளியின் கை காலியாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, ரெண்டு கைக்குக் கால்வாசி. ஆறில் கால்வாசி ஒன்றரை. அதாவது ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக ஒன்றரை வழி. பத்து மூலக்கூறு என்றால் ஒன்றரையைப் பத்துத் தடவை பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 57 வழி. ஒரு டம்ளர் ஐஸுக்கு? எண்ணை எழுதக் காகிதம் போதாது.

இதற்கு என்ன அர்த்தம்? ஆக்சிஜன்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஆனால் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதில் ஒழுங்கே இல்லை. அடுத்த வருஷமே ஜியோக்கும் ஸ்டௌட்டும் அளந்து காட்டிய எண், பாலிங் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

ஆனால் ஒரு இடத்தில் உதைத்தது. நன்றாகக் குளிரவைத்தால் எந்தப் பொருளும் ஒழுங்குக்கு வரவேண்டும் என்பது வெப்ப இயக்கவியல். ஐஸ் வரவே இல்லை. காரணம் அதன் சுத்தம்தான்! எல்லாக் கையும் இறுகப் பிடித்திருக்கிறது. ஒரு ஆள் திரும்ப வேண்டுமென்றால் பக்கத்து நாலு பேரும் திரும்ப வேண்டும், அவர்கள் திரும்ப அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் திரும்ப வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய மாதிரி. எல்லோரும் நகர ஆசைப்படுகிறார்கள், யாராலும் முடியாது.

*

இங்கேதான் அந்நியன் உள்ளே வருகிறான்.

டென்மார்க்காரர் நீல்ஸ் பியெரம் 1952-ல் இதை விளக்கினார். பிணைப்பு வலையில் ஓட்டை இருந்தால்தான் மூலக்கூறு திரும்பும். ரெண்டு வகை ஓட்டை. ரெண்டு ஆக்சிஜனுக்கு நடுவே ஹைட்ரஜனே இல்லாமல் இருப்பது ஒண்ணு, ரெண்டு ஹைட்ரஜன் முட்டிக்கொண்டு நிற்பது இன்னொண்ணு. இதை வேண்டுமென்றே உண்டாக்க வழி இருக்கிறது. தண்ணிக்குப் பதிலாக ஹைட்ரஜன் ஃப்ளோரைடை உட்கார வைத்தால், ரெண்டு ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில் ஒண்ணுதான் இருக்கும், ஒரு பிடி காலி. அமோனியாவை வைத்தால் ரெண்டுக்குப் பதில் மூணு, ஒரு பிடியில் நெரிசல்.

கவனித்தீர்களா? ஃப்ளோரைடு. எங்க ஊர் ஃப்ளோரைடு!

எல்லோரையும் வெளியே தள்ளுகிற ஐஸ் சிலரை மட்டும் உள்ளே விடுகிறது. யார் யார் என்று பட்டியல் போட்டேன். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, அமோனியா, ஹைட்ராக்சைடு, ஃப்ளோரைடு அயனி, அமோனிய அயனி. எலக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பத்து. தண்ணிக்கும் பத்து. அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு, கையும் பிடிக்கத் தெரியும். சீருடை பொருந்துகிறது, வாட்ச்மேன் உள்ளே விட்டுவிடுகிறார். (ஹைட்ரஜன் குளோரைடு மாதிரி பதினெட்டு எலக்ட்ரான் ஆசாமிகளும் கொஞ்சம் நுழைந்துவிடுவார்கள். எந்த ஆபீஸில்தான் அது இல்லை :-) )

அமோனியம் ஃப்ளோரைடு இதில் மன்னன். அதன் சொந்தப் படிகமே ஐஸ் மாதிரி நாலு பக்கப் பிடியில் கட்டியது என்பதால் ஐஸோடு நன்றாகக் கலக்கும், 1950-களிலேயே கலந்து பார்த்துவிட்டார்கள். 2018-ல் லண்டனில் சால்ஸ்மன் குழு இன்னொரு படி போனது. ஐஸில் அழுத்தத்தைப் பொறுத்துப் பல வகை உண்டு, அதில் இரண்டாம் வகை ஐஸ் கறாரான ஒழுங்கு உள்ளது. மிகச் சிறிய அளவு அமோனியம் ஃப்ளோரைடு கலந்ததும் அந்த வகையே உருவாகாமல் போய்விட்டது. ஃப்ளோரைடு நாலு கையும் காலியாக நிற்கிறது, அமோனியம் நாலு கையிலும் ஹைட்ரஜனோடு நிற்கிறது. ரெண்டு-ரெண்டு என்ற விதி அங்கே உடைகிறது. ஒருவன் உடைத்ததை அந்த வலை முழுக்கத் தாங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1982-ல் ஜப்பானில் தாஜிமா, மட்சுவோ, சுகா மூவரும் தண்ணியில் துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து உறைய வைத்தார்கள். குளிரில் நாட்கணக்கில் வைத்திருந்தார்கள். பாலிங் காலத்திலிருந்து வராத அந்த ஒழுங்கு, 72 கெல்வினில், அதாவது மைனஸ் 201 டிகிரியில் வந்தது. பதினொன்றாம் வகை ஐஸ் என்று பெயர் வைத்தார்கள். ஹைட்ராக்சைடு செய்தது வேறொன்றுமில்லை. கூட்டத்தில் ஒரு சந்து உண்டாக்கியது, அந்தச் சந்து நகர்ந்து நகர்ந்து எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். 2006-ல் ஹைட்ரஜன் குளோரைடு கலந்து பதிமூணாம், பதினாலாம் வகை ஐஸையும் சால்ஸ்மனும் கூட்டாளிகளும் இப்படியே எடுத்தார்கள்.

ஆக, ஒரு அந்நியன் ஒழுங்கைக் கெடுத்தான். இன்னொரு அந்நியன் ஒழுங்கைக் கொண்டுவந்தான். ரெண்டு பேருமே துளி அளவுதான்.

*

இதுவரை பார்த்தது வரிசையாக நிற்கிற ஐஸ். வரிசையே இல்லாத ஐஸும் உண்டு. 1935-ல், பாலிங் கணக்குப் போட்ட அதே வருஷம், கனடாவின் டொராண்டோவில் பர்ட்டனும் ஆலிவரும் கடுங்குளிரான செப்புப் பரப்பில் நீராவியைப் படியவிட்டு எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். மைனஸ் 110 டிகிரிக்குக் கீழே படிந்த ஐஸில் படிகத்துக்கான அடையாளமே இல்லை. வந்து விழுந்த மூலக்கூறு விழுந்த இடத்திலேயே விறைத்துப் போகிறது, வரிசை தேட நேரமில்லை. கண்ணாடி மாதிரி.

இது ஏதோ லேப் விளையாட்டு இல்லை. விண்வெளியில் தூசித் துகள்கள் மேல் படிந்திருக்கிற ஐஸ் பெரும்பாலும் இந்த வகைதான். பிரபஞ்சத்தில் அதிகமாக இருக்கிற ஐஸே இதுதான் என்று கருதுகிறார்கள். நம்ம ஜூஸ் கடை ஐஸ்தான் அபூர்வம்!

ஒழுங்கில்லாத ஐஸில் நுண்துளைகள் அதிகம். துளையின் சுவரில் நிற்கிற மூலக்கூறுக்குப் பிடிக்க ஆள் கிடைக்காமல் ஒரு கை தொங்கும். அகச்சிவப்பு ஒளியில் அந்தத் தொங்கும் கை 3720, 3696 என்ற ரெண்டு அலை எண்களில் சின்ன மேடாகத் தெரியும். முதலாவது ரெண்டே பேரைப் பிடித்திருக்கிற மூலக்கூறு, அடுத்தது மூணு பேரைப் பிடித்திருப்பது. இப்போது கார்பன் மோனாக்சைடையோ மீத்தேனையோ கலந்தால் அது துளையில் போய் ஒட்டும், மேடு இடம் மாறும். அமோனியா என்றால் தொங்குகிற கையை இறுகவே பிடித்துக்கொள்ளும். அந்நியன் யார், எவ்வளவு நெருக்கம் என்பதை அந்தக் கையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இங்கே மீத்தேனைக் கவனியுங்கள். அதற்கும் எலக்ட்ரான் பத்துதான். ஆனால் கை பிடிக்கத் தெரியாது. சீருடை இருக்கிறது, வேலை தெரியாது. அதனால் ஐஸ் வரிசைக்குள் அதற்கு இடமில்லை. ஆனால் தண்ணிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தன்னோடு சேராத வாயுவைச் சுற்றித் தாங்களே கைகோத்து ஒரு கூண்டு கட்டிக்கொள்ளும். ஹைட்ரேட் என்று பெயர். பன்னிரண்டு ஐங்கோண முகம் கொண்ட கூண்டு. 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் ஹம்ஃப்ரி டேவி குளோரினில் பார்த்தது. கடலடியில் மீத்தேன் இப்படித்தான் சிறைப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குக் கடுமையான அழுத்தம் வேண்டும் என்றுதான் பாடம்.

இங்கே கதை சென்னைக்குத் திரும்புகிறது. ஐஸ் ஹவுஸிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஐஐடி மெட்ராஸில், பேராசிரியர் பிரதீப்பின் ஆய்வகம். காற்றழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே மிச்சமிருக்கிற வெற்றிடம். அதற்குள் 30 கெல்வினில், அதாவது மைனஸ் 243 டிகிரியில், ஒழுங்கில்லாத ஐஸும் மீத்தேனும் கலந்த மெல்லிய படலம். அப்படியே விட்டு வைத்தார்கள். 25 மணி நேரம் கழித்து மீத்தேனின் அகச்சிவப்பு மேடு 3009-க்குப் பக்கத்தில் 3017-ல் புதிதாக ஒன்றைக் காட்டியது. கூண்டுக்குள் போன மீத்தேன் என்றார்கள். கார்பன் டை ஆக்சைடு 10 கெல்வினிலேயே அப்படி ஆனது என்றார்கள். ஜ்யோதிர்மய் கோஷ் முதல் ஆசிரியராகவும், வேதிப் பொறியியல் துறையின் ரஜ்னீஷ் குமார் கூட்டாளியாகவும் இருக்க, 2019-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் வந்தது. அழுத்தமே இல்லாத விண்வெளியிலும் கூண்டு கட்டலாம் என்றால், வால்நட்சத்திரத்தில் வாயுக்கள் எப்படித் தங்கின, உயிருக்கான மூலப்பொருட்கள் எங்கே சமைந்தன என்ற கேள்விகளுக்கெல்லாம் இது முக்கியம்.

எல்லோரும் உடனே கைதட்டவில்லை. நாசா பக்கத்து ஆய்வாளர்கள் சிலர் அதே வருஷம் அதே இதழில், ஆய்வக நேரத்துக்குள் இது நடந்ததற்கு இந்த ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். சென்னைக்காரர்கள் பதில் எழுதினார்கள். அடுத்து அசிட்டோனைக் கலந்து கூண்டு கட்டவைத்து, அது கலைகிறபோது கனசதுர ஐஸ் வருவதைக் காட்டினார்கள். அறிவியல் அப்படித்தான் நகரும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், சண்டை அழுத்தத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ இல்லை, ஒரு சின்ன மேட்டை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி.

இன்னொரு விஷயம். இதே பிரதீப் தண்ணியிலிருந்து ஆர்சனிக்கை எடுக்கிற வேலைக்காகத்தான் நாட்டில் அதிகம் அறியப்பட்டவர், 2020-ல் பத்மஸ்ரீ. ஒரு கையால் தண்ணியிலிருந்து மாசை எடுக்கிறார், இன்னொரு கையால் ஐஸுக்குள் மாசைப் போட்டு அது என்ன செய்கிறதென்று பார்க்கிறார்.

*

சரி, என் பல்லுக்கு வருவோம்.

பாலிங் கணக்குக்கு ரெண்டு வருஷம் கழித்து, 1937-ல், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஷார்ட் குழு, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் கூன் விழுந்து விறைத்துப்போன ஆட்களைப் பரிசோதித்து, காரணம் தண்ணியில் இருக்கிற ஃப்ளோரைடு என்று எழுதியது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று.

நம்ம பல்லும் எலும்பும் ஒரு படிகம்தான். கால்சியம், பாஸ்பேட், நடுநடுவே ஹைட்ராக்சைடு. அந்த ஹைட்ராக்சைடு இடத்தில்தான் ஃப்ளோரைடு போய் உட்காருகிறது. அதே சீருடை, அதே வாட்ச்மேன்! ஐஸுக்குள் நுழைய எது அனுமதிச் சீட்டோ அதுவேதான் என் பல்லுக்குள்ளும். கொஞ்சம் உட்கார்ந்தால் பல் பலப்படும், அதனால்தான் பேஸ்ட்டில் போடுகிறார்கள். பல் முளைக்கத் தயாராகிற வயசில் அதிகமானால் எனாமல் உருவாகிற வேலையே கெடும். அதிகம் என்றால் எவ்வளவு? லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது வரம்பு. நான் கணக்குப் போட்டேன். ஏழு லட்சம் தண்ணி மூலக்கூறுக்கு ஒரே ஒரு ஃப்ளோரைடு. அதற்கு மேல் போனால் ஆபத்து ஆரம்பம்.

ஏழு லட்சத்தில் ஒன்று. டேட்டாபேஸில் அந்த அளவு பிழை இருந்தால் நானே "விடுப்பா, பாத்துக்கலாம்" என்று டிக்கெட்டை மூடியிருப்பேன். எங்க ஆயாவும் அப்படித்தான், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த போர் தண்ணியைப் பார்த்து நல்ல தண்ணி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தால் தெரியாது, ருசித்தால் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. எவ்வளவு சின்னது என்று பார்த்து அலட்சியமாக இருந்தோம். எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று பார்க்கவில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-ல் தொடங்கி வைத்தார்கள். பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிற திட்டம். எனக்கு அப்போது பல்லெல்லாம் முளைத்து முடிந்துவிட்டது. ஆயா அந்தத் தண்ணியைக் குடிக்க ஒரு வருஷம்தான் இருந்தது. அக்கா பொண்ணு அதற்கப்புறம் பிறந்தவள். அவள் பல் வெள்ளையாக இருக்கிறது.

ஜூஸ் கடையில் அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஐஸ் தனக்குப் பிடிக்காததை நடுவில் தள்ளிவிடும், அதுதான் வெள்ளை என்றேன். "அப்ப உன் பல்லுக்குத் தள்ளத் தெரியலையா?" என்றாள். தெரியவில்லை, தன் ஆள் என்று நினைத்துவிட்டது என்றேன்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. போனை எடுத்து என்னைப் போட்டோ எடுத்தாள். வாயை மூடிக்கொள்ள மறந்துவிட்டேன்.

டிஸ்கி: நான் பிழைப்புக்கு எழுதுவது ஜாவா, வேதியியல் எல்லாம் பி.ஈ. முதல் வருஷத்தோடு சரி. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தே சொல்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, குடிப்பது போர் தண்ணியாக இருந்தால், ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்து ஃப்ளோரைடு எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.